முன்னிலை இல்லாத காதல் பாட்டு

'செந்தாழம்பூவில்' என்று தொடங்கும் பாட்டு, 1978 ஆகஸ்டு 15 அன்று வெளியான 'முள்ளும் மலரும்' படத்தில் வருகிறது. எழுதியவர் கண்ணதாசன். இசை இளையராஜா. பாடியவர் கே. ஜே. யேசுதாஸ். தமிழ்க் காதல் பாட்டுகளை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் யோசிக்காமல் இதைச் சேர்த்துவிடுவார்கள். எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சேர்க்கக் காரணமே இல்லை. பாட்டில் காற்று வருகிறது, பாதை வருகிறது, வெள்ளம், கிளி, குயில், மேகம், பனி எல்லாம் வருகின்றன. காதலி மட்டும் வரவில்லை. 'நீ' என்ற சொல் முதலிலிருந்து கடைசிவரை ஓரிடத்திலும் இல்லை.

தமிழ்த் திரையின் காதல் பாட்டு பொதுவாக முன்னிலையில்தான் நடக்கும். ஆண் 'நீ' என்பான், பெண் 'நீங்கள்' என்பாள், அல்லது இருவரும் சேர்ந்து 'நாம்' என்பார்கள். எதிரே ஆள் இல்லாத சோகப் பாட்டிலும் போனவளையோ போனவனையோ விளித்தே பேசுவார்கள். கேட்கிறவன் அந்தப் பாட்டுக்குள் நுழைய வேண்டுமானால் கையில் ஒரு பெயர் வைத்திருக்க வேண்டும். பதினாறு வயதில், யாரிடமும் எதையும் சொல்லியிராத, சொல்ல ஆளும் இல்லாத ஒருவனிடமோ ஒருத்தியிடமோ அந்தப் பெயர் இருப்பதில்லை. இருந்தாலும் அது எதிர்த்தரப்புக்குத் தெரியாத பெயர். 'செந்தாழம்பூவில்' அந்தப் பெயரைக் கேட்காத பாட்டு. தனிமையில் இருந்த பதின்பருவத்தினர் இதைத் தம் பாட்டாக எடுத்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

படத்தின் மூலக்கதை திருநெல்வேலிக்காரர் ஒருவருடையது. உமாசந்திரன் என்ற பெயரில் எழுதிய பூர்ணம் ராமச்சந்திரன் முன்னீர்பள்ளத்தில் பிறந்தவர், வானொலியில் பணியாற்றியவர். அவருடைய சகோதரர்களில் ஒருவர் நடிகர் பூர்ணம் விசுவநாதன். அவரும் அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர்தான். இன்னொருவர் ருஷ்ய இலக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த பூ. சோமசுந்தரம். 'முள்ளும் மலரும்' நாவல் கல்கி இதழின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்றுத் தொடராக வந்தது. வானொலிக் குடும்பத்தில் பிறந்த கதை, பின்னால் வானொலி வழியாகவே ஒரு பாட்டாகத் தாமிரபரணிக் கரைக்குத் திரும்பி வந்தது என்று சொன்னால் அது தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தற்செயலில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

நாவலைப் படமாக்கிய மகேந்திரனுக்கு இது முதல் இயக்கம். டூயட் பாட்டின் மீது அவருக்கு இருந்த கசப்பு ஊரறிந்தது. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆர். வந்திருந்த மேடையிலேயே, நிஜத்தில் கல்லூரிப் பையன் ஒருத்தியைக் காதலித்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது, சினிமாவில் மட்டும் நாயகனும் நாயகியும் உரக்கப் பாடி ஆடினாலும் யாரும் கேட்பதில்லை என்ற தொனியில் பேசியவர் அவர். எம்.ஜி.ஆர். கோபப்படாமல் அந்தப் பேச்சைப் பாராட்டினார். அப்படிப் பேசிய மனிதர் இருபது ஆண்டு கழித்துத் தாமே ஒரு காதல் பாட்டைப் படமாக்க நேர்ந்தபோது, பெண்ணைப் பாடவும் விடவில்லை, ஆடவும் விடவில்லை.

காட்சி எளியது. மலை மின் திட்டத்துக்குப் புதிதாக வந்த எஞ்சினியர் குமரன் மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டே பாடுகிறான். வண்டியில் இருக்கும் பெண்களில் வின்ச் ஆபரேட்டர் காளியின் தங்கை வள்ளியும் ஒருத்தி. குமரனாக சரத்பாபு, வள்ளியாக ஷோபா. 1962 செப்டம்பரில் பிறந்த ஷோபாவுக்குப் படம் வெளியானபோது பதினாறு வயது நிறைந்திருக்கவில்லை. பெரியவள் போல நடித்த சிறுமி இல்லை அவர். அந்த வயதுக்கே உரிய, எதையும் முழுதாகச் சொல்லிவிடாத முகம் அவருடையது. ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. தமிழில் அவருக்கு இதுவே முதல் படம். படத்தின் பெரும்பகுதி கர்நாடகத்துச் சிருங்கேரிப் பக்கம் எடுக்கப்பட்டது. இந்தப் பாட்டை ஒட்டிய படப்பிடிப்புக்கு மேற்கொண்டு செலவழிக்கத் தயாரிப்புத் தரப்பு தயங்கியபோது, படத்தில் சம்பந்தமே இல்லாத கமல் ஹாசன் அந்தச் செலவை ஏற்றார் என்பதை மகேந்திரன் பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

அந்தக் கட்டத்தில் குமரனுக்கும் வள்ளிக்கும் இடையே காதல் பேச்சு எதுவும் நடந்திருக்கவில்லை. கூட மற்றவர்கள் இருக்கிறார்கள். பாடுகிறவன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் அத்துமீறல் ஆகிவிடும். அதனால் மலையைப் பற்றிச் சொல்கிறான். மலையைப் பற்றிச் சொல்வது போல வேறு எதையோ சொல்கிறான் என்று வண்டியில் இருக்கிற ஒருத்திக்குப் புரியலாம், புரியாமலும் போகலாம். கண்ணதாசனுக்குக் கிடைத்த சூழல் இவ்வளவுதான். ஐம்பத்தொரு வயதில், ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதிய கை, இந்த நெருக்கடியான சூழலை ஒரு வசதியாக்கிக்கொண்டது.

பல்லவியில் காற்று ஒரு பூவில் ஆடிவிட்டு வந்து பாடுகிறவன் மேல் மோதுகிறது. பூவின் வாசனை ஒரு மேடை போடுகிறது. பெண்ணின் சாடைப் பேச்சு ஓர் உவமையாக மட்டும் எட்டிப் பார்க்கிறது. முதல் சரணத்தில் மலைப்பாதையின் வளைவு கூந்தலாகிறது. மயங்கி மயங்கிப் போகும் நீரோட்டம் நாணம் கலந்த ஊடலாகிறது. இரண்டும் உறுதியாகச் சொல்லப்படவில்லை, ஐயமாகவே கேட்கப்படுகின்றன. அப்புறம் கிளி ஒன்று பழம் தேடுகிறது. குயில் ஒன்று மொழியே இல்லாமல் ராகம் பாடுகிறது. சொல்லத் தெரியாத ஒருவனின் நிலைக்கு இந்தக் குயிலைவிடப் பக்கத்தில் போகும் படிமம் பாட்டில் வேறு இல்லை. கூந்தலும் ஊடலும் வழக்கமான சரக்கு. இந்தக் குயில்தான் முதல் சரணத்தைக் காப்பாற்றுகிறது.

இரண்டாம் சரணத்தின் தொடக்கம் பாட்டின் உச்சம். மேகம் ஓர் இளவரசியாகிக் கடந்து போகிறது. சரிகை ஓடும் சேலையை விரித்து மலையை மூடப் பார்க்கிறது. மூடப் பார்க்கிறது, மூடிவிடவில்லை. மலைநாட்டில் மேகம் எப்படி நடந்துகொள்ளும் என்று கண்ணால் கண்டவர்களுக்கு இந்த வினையின் நுணுக்கம் தெரியும். சிகரத்தின் பாதியை மறைக்கும், பிறகு விலகும், விளிம்பில் வெயில் பட்டு மின்னும். சரிகை என்பது அந்த விளிம்பு. இதற்கு அடுத்து வரும் வரிகளில் பள்ளத்தைச் சிலருடைய உள்ளத்தோடு ஒப்பிட்டுக் கடவுளிடம் கேள்வி கேட்கிறார் கவிஞர். தத்துவக் கண்ணதாசன் தோள்மேல் எட்டிப் பார்க்கிற இடம் இது. காதல் ததும்பும் எஞ்சினியரின் வாயில் இது ஒட்டவில்லை. ஆனால் மெட்டு அவ்வளவு வேகமாக அந்த வரிகளைக் கடந்து போகிறது. பெரும்பாலானோர் அதைக் கவனித்ததே இல்லை.

மூன்றாம் சரணம் நேராக இளமைக்கு வருகிறது. இளம் வயது மலைக்கு வந்து சேர்ந்தால் என்னென்ன தோன்றும் என்று பேசுகிறது. உதட்டைத் தொடும் பனிக்காற்றைக் கம்பனின் வர்ணனையோடு சேர்த்துப் பார்க்கிறது. மனசுக்குள் புகுந்த ஒரு வெள்ளம் தன்னை எங்கோ கூட்டிப் போவதாகச் சொல்கிறது. எங்கே என்று சொல்லவில்லை. முழுப் பாட்டிலும் பாடுகிறவன் தன்னைப் பற்றி உண்மையாகச் சொல்லிக்கொள்வது இந்த ஓரிடத்தில்தான். முதலில் வெளியே ஓடிய வெள்ளம் கடைசியில் உள்ளே வந்துவிட்டது. இந்த இடப்பெயர்ச்சியை எந்த அறிவிப்பும் இல்லாமல் செய்திருப்பதே கவிஞரின் கைத்திறன்.

சரணத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. மூன்றிலும் ஒரே கட்டுமானம். முதலில் நீண்டு வளைந்து போகும் இரண்டு அடிகள். இவற்றில் இசை அவசரப்படுவதில்லை. அடுத்து சொற்கள் நெருங்கித் துள்ளும் இரண்டு அடிகள். கடைசியில் இரண்டு மூச்சில் முடியும் குறுகிய அடி ஒன்று. அங்கே குரல் ஏறி நின்று, பல்லவிக்கு இறங்குகிறது. மெட்டுக்கு எழுதியதா, எழுத்துக்கு மெட்டா என்ற வாதம் இங்கே வேண்டாம். பாதையின் வளைவும் வண்டியின் குலுக்கலும் மேட்டில் ஏறி நிற்கும் கணமும் அடிகளின் நீள அகலத்திலேயே இருக்கின்றன. வரிகளை விட்டுவிட்டு வெறும் சந்தத்தை முணுமுணுத்தாலும் மலை ஏறுகிற உணர்வு வரும்.

இளையராஜா 'அன்னக்கிளி' வழியாக 1976இல் அறிமுகமானவர். 'முள்ளும் மலரும்' வந்த 1978 ஆகஸ்டு மாதத்திலேயே 'கிழக்கே போகும் ரயில்' வந்தது. ஆண்டு முடிவதற்குள் 'சிகப்பு ரோஜாக்கள்', 'பிரியா' வந்தன. அந்த வேகத்தில் உருவான பாட்டு என்பதை நினைத்தால் இதிலுள்ள நிதானம் வியப்பளிக்கிறது. அவர் பிறந்த பண்ணைப்புரமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் ஊர்தான். நீண்ட முன்னிசை எதையும் விரிக்காமல் குரலே பாட்டைத் திறக்கிறது. வாத்தியங்கள் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன. யாரோ ஒருவர் தமக்குத்தாமே முணுமுணுக்கத் தொடங்கி, கூச்சம் விலகக் குரல் உயர்ந்துவிட்டது போன்ற தொடக்கம் அது.

யேசுதாஸின் குரல் இதற்குத் தேவைப்பட்டது. செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்ற சாரீரம், நீண்ட அடிகளை ஒரே மூச்சில் தாங்கும் சக்தி என்பதெல்லாம் உண்மையே. அதைவிட முக்கியம், அந்தக் குரலில் இறைஞ்சல் இல்லை. வேறு சில பாடகர்கள் இதே வரிகளைப் பாடியிருந்தால் கொஞ்சலோ சிணுங்கலோ கலந்திருக்கும், வண்டியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நோக்கிக் கண்ணடித்திருக்கும். யேசுதாஸ் பாடும்போது அது மலையைப் பார்த்துப் பாடுவதாகவே இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத அந்தக் கண்ணியம்தான் வள்ளியைப் போல ஓரமாக உட்கார்ந்து கேட்கிற எல்லோருக்கும் இடம் விடுகிறது. பதில் சொல்லும் பெண்குரல் பாட்டில் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். டூயட்டைக் கேட்கும் தனியாள் இரண்டு பேர் பேசுவதை ஒட்டுக்கேட்கிறான். இங்கே ஒட்டுக்கேட்க ஒன்றுமில்லை.

பாட்டின் முதல் சொல்லில் ஒரு விநோதம் உண்டு. தாழை மலையில் வளரும் செடி இல்லை. கடலோரத்திலும் ஆற்றங்கால், வாய்க்கால் கரைகளிலும் புதராக மண்டுவது. சங்கப் பாட்டில் அது நெய்தல் நிலத்துக்கு உரியது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மலை குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். சிவன் கோயிலுக்கு ஆகாத பூ, பெண்கள் சடையில் தைத்துக்கொள்ளும் பூ, துணிப்பெட்டியில் வாசனைக்குப் போட்டு வைக்கும் பூ. அந்தப் பூவில் ஆடிய காற்று மலையேறி வந்து ஒருவன் மேல் மோதுகிறது என்றால், பிரிந்தவர்களின் நிலத்திலிருந்து சேர்கிறவர்களின் நிலத்துக்கு அது பயணம் செய்திருக்கிறது. கண்ணதாசன் திணை பார்த்து எழுதினார் என்று சாதிக்க வேண்டியதில்லை. மெட்டின் குழிவுக்கு வாய்ப்பாக விழுந்த சொல்லாகவும் இருக்கலாம். பாட்டில் ஏக்கமும் மகிழ்ச்சியும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பது மட்டும் நிச்சயம்.

தென்றலுக்கோ தமிழ் இலக்கியத்தில் பிறந்த ஊரே உண்டு. பொதிகையில் பிறந்து, சந்தனத்தையும் அருவியையும் தொட்டுக்கொண்டு சமவெளிக்கு இறங்கும் காற்று என்று சிலப்பதிகாரக் காலத்திலிருந்து புலவர்கள் அதைக் கொண்டாடியிருக்கிறார்கள். கண்ணதாசன் தாம் நடத்திய பத்திரிகை ஒன்றுக்கே 'தென்றல்' என்று பெயர் வைத்தவர். அந்தப் பொதிகையின் பக்கத்து மலைதான், இந்தப் பாட்டைத் தம் பாட்டாக எடுத்துக்கொண்ட பதின்பருவத்தினர் பலர் வளர்ந்த மாஞ்சோலை. படத்தின் மலை வேறு, கதையின் மலை வேறு. ஆனால் பாட்டின் காற்றுக்கு முகவரி கேட்டால் அம்பாசமுத்திரம் தாலுகாவைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, அருவியை ஒட்டி ஏறுகிறது மாஞ்சோலைப் பாதை. அடிவாரத்தில் காய்ந்த முள்காடு. மேலே போகப்போக மரம் உயர்ந்து வெளிச்சம் குறைகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது கீழே அணையின் நீர்ப்பரப்பு ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் மறைகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதும் சட்டென்று தேயிலை. முதலில் மாஞ்சோலை, பிறகு காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கரை 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம், காட்டைத் திருத்திப் போட்ட தோட்டங்கள் இவை. சுற்றிலும் உள்ள காடு பின்னால், 1988இல், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் மழை மிகுதியாகப் பதிவாகும் இடங்களின் பட்டியலில் ஊத்தும் நாலுமுக்கும் அடிக்கடி தலைகாட்டும். சாரல் பிடித்துவிட்டால் நாள் கணக்கில் விடாது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் காலில் அட்டை ஏறும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் எதிர் லைன் தெரியாது.

அப்படிப்பட்ட இடத்தில் வளர்கிற பிள்ளைகளுக்குக் கூட்டம் என்பதே தெரியாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யாரைப் பார்த்து யார் நின்றார் என்ற செய்தி, நின்றவர் வீடு போய்ச் சேருமுன் கங்காணி காதுவரை போய்விடும். மகேந்திரன் கல்லூரி மேடையில் சொன்னது இங்கே இரட்டிப்பு உண்மை. காதல் என்று எதுவும் நடக்க வழியில்லாத இடத்தில், காதலைப் பற்றிய நினைப்பு மட்டும் ஏராளமாக நடந்தது. மேற்படிப்புக்கு மலையிறங்கிக் கல்லிடைக்குறிச்சியிலோ அம்பை என்கிற அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ தங்கியவர்களுக்கு இன்னொரு விதத் தனிமை. கீழே புழுக்கம், நிமிர்ந்தால் மேற்கே தங்கள் மலை, பாதி மேகத்துக்குள்.

இந்த இரண்டு தனிமைக்கும் வானொலி பொதுவாக இருந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் தொடங்கப்பட்டது. ஆனால் தென் மாவட்டங்களில் திரைப்பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். 1952 வாக்கில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கிவைத்தபோது அந்த இடத்தைப் பிடித்த கொழும்பு, பின்னாலும் விடவில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்', இடையில் 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்'. கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் ராஜேஸ்வரி சண்முகமும் வீட்டு மனிதர்கள் போலப் பழகிய குரல்கள். மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் போகும். இரவில் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் எட்டும். இருட்டியபின் தொலைதூர நிலையங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். அவற்றுக்கு நடுவில் முள்ளை மயிரிழை நகர்த்தித் தேடி, ட்ரான்சிஸ்டரைத் திசைமாற்றி வைத்து, பிடித்த பாட்டைக் கேட்பது ஒரு கைவேலை. பாட்டின் நடுவில் ஒலி அமிழ்ந்து மீண்டும் எழும்போது, ஓரடி காணாமல் போயிருக்கும். அந்த ஓரடியைக் கேட்கிறவர் தாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

விருப்பப் பாட்டுக்கு அஞ்சலட்டை போடுவதும் ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. அறிவிப்பாளர் பெயர்ப் பட்டியல் வாசிக்கும்போது தன் பெயருக்குப் பக்கத்தில் வேறொரு பெயரும் வருமாறு எழுதிப் போட்டவர்கள் உண்டு. ஊரே கேட்கும், யாருக்கும் புரியாது, புரிய வேண்டியவருக்குப் புரிந்ததா என்பதும் தெரியாது. குமரன் வண்டியில் செய்ததும் இதையேதான். எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்லி, யாரிடம் சொன்னோம் என்பதை மட்டும் மறைத்துவிடுவது. இந்தப் பாட்டைக் கேட்டு எழுதியவர்களுக்கு அந்த மறைப்பு இரண்டு மடங்கானது.

மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பாட்டு முழுதாகப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் பாடுகிறவள் குறத்தி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் அவள் வாயில் வைத்த மலை அவளுடைய மலை, வசந்தவல்லி கேட்கிறவள். இங்கே நிலை தலைகீழ். மலையை வியப்பவன் உத்தியோகம் பார்க்க வந்த எஞ்சினியர். அந்த மலையிலேயே பிறந்த வள்ளி கேட்கிறவள். படத்தில் அங்கேயே உழைக்கிறவர்களின் பாட்டுகள் வேறு தினுசு. காளியை மணக்கும் மங்கா சோற்றையும் குழம்பையும் பற்றிப் பாடுகிறாள்; காளி யார் ஆண்டால் என்ன என்று பாடுகிறான். அவர்களில் ஒருவரும் மேகத்தைச் சேலை என்று சொல்வதில்லை. மேகம் வந்தால் வேலை கெடும் என்பதே தோட்டத் தொழிலாளியின் கணக்கு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் போலீஸ் தடியடியில் சிதறி, தாமிரபரணியில் 17 பேர் உயிரிழந்தார்கள். அந்த மலையின் கதையில் தென்றலுக்குப் பக்கத்தில் இதுவும் இருக்கிறது.

ஆனால் அந்த லைன் வீடுகளில் பதின்வயதில் இருந்தவர்களின் நிலை பெற்றோருடைய நிலையும் இல்லை, எஞ்சினியருடைய நிலையும் இல்லை. மலை அவர்களுக்கு வேலைக்களம் ஆகியிருக்கவில்லை. சுற்றிப் பார்க்கும் இடமும் இல்லை. பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப் போய், காணாமலே போய்விட்ட ஒன்று. வெளியாள் ஒருவனின் வாய்வழியாக அது திரும்பக் கிடைத்தபோது, தங்கள் வாசல் பாதையை யாரோ கூந்தலாகப் பார்க்கிறார்கள் என்ற கூச்சமும் பெருமையும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். மூன்றாம் சரணம் இளமை மலைக்கு வந்து சேர்வதைப் பேசுகிறது. மாஞ்சோலையில் நடந்தது அதற்கு எதிர்த்திசை. அங்கே இளமை மலையிலிருந்து இறங்கிப் போனது, படிப்புக்கும் பிழைப்புக்கும். இறங்கிப் போனவர்கள் விடுதி மாடியில் இந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் வரிகள் முழுப் பொருள் கொண்டன. பாட்டிலிருந்த பெயரில்லாத ஏக்கத்துக்குள் ஒரு பெண்ணையோ ஆணையோ வைப்பதற்கு முன் ஊரை வைக்க முடிந்தது.

எண்பதுகளில் ஒலிநாடா வந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் கடைகள் அம்பாசமுத்திரம் போன்ற சிற்றூர்களிலும் முளைத்தன. இரவில் தனியாகக் கேட்பதற்கென்று போடப்பட்ட பட்டியல்களில் 'செந்தாழம்பூவில்' பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்கும். கூடவே 1980இல் வந்த 'மூடுபனி'யிலிருந்து யேசுதாஸின் 'என் இனிய பொன் நிலாவே', 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யிலிருந்து எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் 'இளைய நிலா'. மூன்றுக்கும் இசை ஒருவரே என்பது மட்டும் காரணமில்லை. 'பொன் நிலா' நிலவை விளிக்கிறது. வைரமுத்துவின் 'இளைய நிலா' நிலவோடும் முகிலோடும் பேசுகிறது. எதிரே பெண் நின்று கேட்க வேண்டிய கட்டாயம் இரண்டிலும் இல்லை. தனியாக இருக்கும் ஆண் குரல் இயற்கையை நோக்கித் திரும்பிக்கொண்டு காதலைப் பாடும் ஒரு வகை இளையராஜாவின் இசையில் அந்த ஆண்டுகளில் உருவாகித் திரண்டது. அதன் முதல் முழுமையான மாதிரி 1978இல் வந்த இந்தப் பாட்டு. பின்னால் வந்த இரண்டிலும் கித்தார் முன்னுக்கு நிற்கிறது, நகரத்து இளைஞனின் மிடுக்கு கூடியிருக்கிறது. அவற்றைப் பாட, அல்லது பாடுவதாக நினைத்துக்கொள்ள, ஒரு கித்தாராவது வேண்டும். 'செந்தாழம்பூவில்' பாடுகிறவனிடம் அதுகூடக் கேட்கவில்லை.

கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார். ஷோபா அதற்கு முன்பே, 1980 மே மாதத்தில், பதினேழு வயதில் போய்விட்டார். மகேந்திரன் 2019இலும் சரத்பாபு 2023இலும் காலமானார்கள். மாஞ்சோலையில் 2024இல் நிறுவனம் தேயிலை வேலையை நிறுத்திக்கொண்டு தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகம் எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கை உயர் நீதிமன்றத்தில் ஏற்கப்படவில்லை. குத்தகை 2028இல் முடிந்தால் நிலம் காட்டோடு சேரும். ட்ரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்ட தலைமுறைக்கு இப்போது அறுபது வயது. மணிமுத்தாறிலும் அம்பையிலும் திருப்பூரிலும் சென்னையிலுமாகப் பரவிக் கிடக்கிறது. பாட்டு அவர்களுடைய கைப்பேசிகளில், ஓரடிகூட அமிழாமல், முழுதாக ஒலிக்கிறது.